மாசம் லட்சக்கணக்கில் வாங்கும் பைலட்டுக்கு எதற்கு ஸ்ட்ரைக்?

கேள்வி: டிசம்பர் 6, 2025, காலை 10.15

இரண்டு நாளாக டிவியில் இதுதான் ஓடுகிறது. ஏர்போர்ட் தரையில் ஜனங்கள் படுத்துக் கிடக்கிறார்கள், பெட்டிகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. மாசம் லட்சக்கணக்கில் வாங்கும் பைலட்டுகள் ரெஸ்ட் வேண்டும் என்று ஸ்ட்ரைக் செய்கிறார்களாம். புதுச்சேரி – கடலூர் பஸ் டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்கிறார், அவர் ரெஸ்ட் கேட்டாரா? நாலு பேர் லைசென்ஸைப் பிடுங்கினால் மறுநாளே எல்லா விமானமும் பறக்கும். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.


டிசம்பர் 6, இரவு 9.40

தப்பு இருக்கிறது தம்பி. முதல் தப்பு, ஸ்ட்ரைக்கே நடக்கவில்லை. யாரும் கொடி பிடிக்கவில்லை, வேலைக்கு வரமாட்டேன் என்று யாரும் சொல்லவும் இல்லை. ரூல் மாறியது, அந்த ரூலுக்கு வேண்டிய அளவு ஆள் இல்லை. அவ்வளவுதான்.

விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ, பைலட்டுகளின் ஓய்வு பற்றிய இந்தப் புது ரூலை 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது 48 ஆனது. இரவு என்றால் 12 மணி முதல் 5 வரை என்று இருந்ததை 6 வரை நீட்டினார்கள். இரவு டூட்டியில் ஆறு லேண்டிங் வரை போகலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அந்த வருஷம் ஜூன் 1 முதல் அமல் என்றார்கள். கம்பெனிகள் ஆள் இல்லை என்று முறையிட்டதும் தள்ளிப்போனது. விஷயம் டெல்லி ஹைகோர்ட் வரை போய், இந்த வருஷம் ஜூலை 1ல் ஒரு பகுதி, நவம்பர் 1ல் மீதி என்று முடிவானது. ஆக ஏறத்தாழ இரண்டு வருஷ அவகாசம். இண்டிகோவில் நேற்று ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து.

இரண்டு வருஷம் முன்பே கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு, முந்தின நாள் ராத்திரி சமையல்காரரைத் தேடினால் யாரைத் திட்டுவீர்கள்? பரிமாறுகிறவனையா?

என் தங்கை பையன் ஒரு விமானக் கம்பெனியில் கோ-பைலட். இண்டிகோ இல்லை, வேறு. அதனால் நான் நடுநிலை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மில்லில் தறி ஓட்டி ரிட்டையர் ஆனவன். விமானத்தில் இதுவரை இரண்டு முறைதான் ஏறியிருக்கிறேன், இரண்டாவது முறை அவன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்.


டிசம்பர் 7, காலை 6.20

லைசென்ஸைப் பிடுங்குவது பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஆள் குறைவாக இருப்பதுதான் பிரச்சினை. இருக்கிறவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் யார் ஓட்டுவது? நீங்களா, நானா?


டிசம்பர் 7, மதியம் 1.05

பஸ் டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன், நேற்று அதைத் தாண்டிவிட்டேன் என்று ஒருவர் குத்திக் காட்டியிருக்கிறார். நியாயம்தான்.

கடலூர் ரூட் டிரைவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அவர்களோடுதான் பாதி வாழ்க்கை போனது. அரியாங்குப்பம் நெரிசல், தவளக்குப்பம், கன்னியக்கோயில், முள்ளோடை, அப்புறம் தமிழ்நாடு எல்லை. மறுபடி அதே திரும்பி. கலெக்ஷனுக்கு ஏற்ற பேட்டா. 1961ம் வருஷ மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. பிரைவேட் பஸ்ஸில் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள், உங்களையும் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

ஆனால் உங்கள் கணக்கு எனக்குப் புரியவில்லை. பஸ் டிரைவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை, அதனால் பைலட்டுக்கும் கூடாது என்கிறீர்கள். பக்கத்து வீட்டில் கூரை ஒழுகினால் என் வீட்டு ஓட்டையும் பிரித்துவிடலாமா?

டிரைவருக்குத் தூக்கம் சொக்கினால் வண்டியை ஓரம் கட்டி முகம் கழுவிவிட்டு ஒரு டீ குடிக்கலாம். நானே அப்படி நிறுத்திய பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் சண்டை போடவில்லை. 35,000 அடி உயரத்தில் ஓரம் எங்கே இருக்கிறது?


டிசம்பர் 9, இரவு 11.30

யாராவது ராத்திரி வேலை பார்த்திருக்கிறீர்களா? நெய்வேலியில் மூன்று ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் மில்லில் மூன்றாம் ஷிஃப்ட் இரவு 12 மணிக்குச் சங்கு ஊதினால் ஆரம்பம். மில்லின் பெயர் வேண்டாம், மூடி வருஷக்கணக்காகிறது. முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாது. பாட்டு, கிண்டல், கேண்டீன் டீ. 3 மணிக்கு மேல் பேச்சு நிற்கும். 4 மணிக்குத் தறிச் சத்தமே தாலாட்டு ஆகிவிடும். நூற்றுக்கணக்கான தறிகள் அடிக்கிற சத்தத்தில் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்பார்கள். நாடா போய்வருகிற தாளம் மாறாமல் இருப்பதால்தான் வரும்.

கண் திறந்திருக்கும். கால் நிற்கும். கை பாவு நூலை முடிச்சுப் போடும். ஆனால் ஆள் இருக்கமாட்டான். ஒரு நாள் அந்த நேரத்தில் என் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் செத்து அப்போது ஆறு வருஷம். ‘வர்றேம்மா’ என்று திரும்பினேன், இடது கை தறிக்குள் போனது. ஆள்காட்டி விரல் நகம் இன்றும் கோணலாகத்தான் முளைக்கிறது.

மேஸ்திரி பதிவேட்டில் என்ன எழுதினார் தெரியுமா? ‘கவனக்குறைவு’. ஒரே வார்த்தை. அது எனக்கு நாலாவது ராத்திரி, பகலில் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்ததால் இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, இதெல்லாம் எழுத அதில் கட்டமே கிடையாது. நானும் கையெழுத்துப் போட்டேன். கவனக்குறைவு என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

விமானத் துறையில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ராத்திரி 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு அதலபாதாளத்தில் இருக்கும் நேரம் என்று. அதை நகத்தைக் கொடுத்துத் தெரிந்துகொண்டவன் நான்.


டிசம்பர் 10, காலை 7.15

வெள்ளையடித்தது என் சொந்த வேலை, அதற்கு மில் என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. ஆனால் பகலில் தூங்க வேண்டியவன் பகலில் வாழவும் வேண்டியிருக்கிறது. ரேஷன் கடை ராத்திரி திறப்பதில்லை.


டிசம்பர் 12, இரவு 10

தங்கை பையன் வார ஓய்வுக்கு வந்திருக்கிறான். அவனுக்கு பேஸ், அதாவது டூட்டி ஆரம்பிக்கிற ஊர், சென்னை. நான் எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தினான்.

ஒன்று: ‘48 மணி நேரம்னா ரெண்டு நாள் லீவுன்னு நினைச்சுக்காதீங்க மாமா. அதுக்குள்ள ரெண்டு ராத்திரி முழுசா வரணும், அதுதான் விஷயம்.’ ஆபீஸ்காரனின் சனி ஞாயிறு போல இல்லை இது. செவ்வாய் ராத்திரி முடித்து வியாழன் ராத்திரி திரும்பலாம். ஆனால் இரண்டு ராத்திரி சொந்தக் கட்டிலில்.

இரண்டு: நான் 5 மணியை 6 ஆக்கியதை ஒரே வரியில் தாண்டிவிட்டேனாம். அதில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறான். ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினான். காலை 6 மணிக்கு விமானம். 5 மணிக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும். கம்பெனி கார் 3.45க்கு வாசலில் நிற்கும். அப்படியென்றால் 3 மணிக்கு அலாரம். பழைய ரூல்படி இவன் இரவு டூட்டி பார்க்கவே இல்லை, 5 மணிக்குத்தானே வேலை ஆரம்பம், அது பகல்! 3 மணிக்கு எழுந்தவனைப் பகல் ஆள் என்று எழுதி அன்றைக்கு நாலு லேண்டிங் கொடுக்கலாம். இப்போது 6 மணி வரை இரவு என்றதும் அதே ஆள் இரவு டூட்டிக் கணக்கில் வந்துவிட்டான், லேண்டிங் இரண்டுக்கு மேல் போக முடியாது. ஒரே ஒரு மணி நேரம். அதனால்தான் கம்பெனிகளுக்கு அவ்வளவு ஆள் துண்டு விழுந்தது.

எனக்கு ஒரே ஆச்சரியம். மில்லில் ராத்திரியை யாரும் மறைக்கவில்லை, சங்கு ஊதிச் சொன்னார்கள்.


டிசம்பர் 12, இரவு 10.25

தூக்கம் வராதவர்களுக்காக ஒரு கிளைக்கதை. போன வருஷம் முத்தியால்பேட்டையில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். நம் ஊர்க் கல்யாணம், முந்தின நாள் ராத்திரி மாடியில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் அதற்காகவே வந்தவர்கள் உண்டு. நடுவில் இவன் மட்டும் மோர் டம்ளரோடு. பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்து ஒரு சொட்டு கூடாது, டூட்டிக்கு முன் ஊதிக் காட்ட வேண்டும், அளவு பூஜ்யம். மறுநாள் மாலைதான் டூட்டி, கணக்குப்படி இடம் இருந்தது. ஆனாலும் தொடவில்லை. மவுத்வாஷ் கூடக் கூடாதாம், அதிலும் ஆல்கஹால் இருக்கும் என்று. என் மனைவி கொடுத்த ஹோமியோபதிச் சொட்டு மருந்தை வாங்கி வாசலில் இருந்த செம்பருத்திக்கு ஊற்றினான். செடி நன்றாகத்தான் இருக்கிறது.


டிசம்பர் 13, மாலை 5.50

சம்பளம் சம்பளம் என்று ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி, பேசிவிடுவோம்.

என் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் மலை. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவன் அந்த நாற்காலியில் உட்கார, என் தங்கை வீட்டுப் பத்திரமும் மச்சான் பி.எஃப் பணமும் போயின. லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதற்கு ஒரு ஃபீஸ். அப்புறம் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்ற பயிற்சி, அதற்குத் தனி. எல்லாம் சேர்ந்து 80 லட்சத்தைத் தாண்டியது. வேலை கிடைப்பதற்குள் கொரோனா வந்தது. ஒன்றரை வருஷம் வீட்டில் உட்கார்ந்து பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தான். அப்போது அவனை ‘பைலட் சார்’ என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள், அதில் ஒருவர் இன்றைக்கு என்னிடம் லட்சக்கணக்கைப் பற்றிப் பேசுகிறார்.

இன்னொன்று. சம்பளத்தில் ஒரு பகுதி நிலையானது, மீதி பறக்கிற மணி நேரத்துக்கு. விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து வந்து நிற்கும் வரைதான் பறக்கும் நேரம். வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ‘ஆயிரம்தானா? நான் 2,500 மணி நேரம் வேலை பார்க்கிறேன்’ என்று ஒருவர் கேட்டார். ரிப்போர்ட் செய்துவிட்டு விமானம் லேட் என்று உட்கார்ந்திருப்பதும், ஸ்டாண்ட்பை என்று யூனிஃபார்மை இஸ்திரி போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பதும், வேறு ஊரில் டூட்டி பிடிக்கப் பயணியாக உட்கார்ந்து போவதும் அந்த ஆயிரத்தில் சேராது. தறி ஓடுகிற நேரத்துக்கு மட்டும் கூலி, பாவு பிணைக்கிற நேரம் இலவசம் என்பது போல.

வருஷாவருஷம் மெடிக்கல். ஆறு மாசத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் செக். காதில் ஒரு கோளாறு என்று டாக்டர் எழுதினால் 80 லட்சமும் போச்சு. பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டும் ஓட முடியாது. 2017ல் டிஜிசிஏ போட்ட ரூல்படி கேப்டன் ஒரு வருஷ நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கோ-பைலட் ஆறு மாசம்.


டிசம்பர் 14, காலை 9

முந்தின குறிப்பில் கொஞ்சம் சூடாகிவிட்டேன். தெருக்காரர் இதைப் படிக்கிறார் போலிருக்கிறது, காலையில் வாக்கிங்கில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். விடுங்கள்.


டிசம்பர் 14, இரவு 8.30

இனி மெயின் விஷயம். ஸ்ட்ரைக் வருமா? வரலாமா?

ஸ்ட்ரைக் என்று பெயர் சொல்லி இறங்குவது நம் நாட்டு பைலட்டுக்கு லேசு இல்லை. 1947ம் வருஷத் தொழில் தகராறு சட்டத்திலேயே விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவை, நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று இருந்தது. போன மாசம் 21ம் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் நோட்டீஸ் என்கிறது. கூடவே, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்ட்ரைக்தான் என்று எழுதிவிட்டார்கள்.

ஏன் லீவைப் பற்றி எழுதினார்கள் என்று கேளுங்கள். நம் ஊர் விமானத் துறையில் ஸ்ட்ரைக்குக்கு இன்னொரு பெயர் ‘சிக்’. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் பைலட்டுகள் சங்கம் வைத்தார்கள், நிர்வாகம் இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியது, நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போனது. ஐந்து நாள். நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்ததும் எல்லோருக்கும் குணமாகிவிட்டது. 2024 மே மாசம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்களும் இதே வழிதான், 25 பேரை நீக்கினார்கள், பேச்சுவார்த்தை நடத்தி மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

நேருக்கு நேர் நின்றது 2012ல். ஏர் இந்தியா பைலட்டுகளில் ஒரு பிரிவினர் 58 நாள். ட்ரீம்லைனர் என்ற புது விமானத்தில் பயிற்சி யாருக்கு என்பது சண்டை. கோர்ட் சட்டவிரோதம் என்றது, சங்கத்தின் அங்கீகாரம் போனது, சுமார் நூறு பேர் நீக்கப்பட்டார்கள். ஜூலையில் கைவிட்டுத் திரும்பினார்கள். ஜனங்கள் அவர்கள் பக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் அப்போது நானும் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து, தம்பி இப்போது எழுதியிருக்கிற அதே வாக்கியத்தை நான் சொல்லியிருக்கிறேன். பஸ் டிரைவர் உதாரணம் உட்பட.


டிசம்பர் 14, இரவு 11.50

வெளிநாட்டில் எப்படி என்று ஒருவர் கேட்டார். பையன் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியக் கதை. 1989ல் சம்பளம் கேட்ட பைலட்டுகள், நாங்கள் காலை 9 முதல் மாலை 5 வரைதான் பறப்போம் என்றார்கள். ஆபீஸ் நேரம்! அரசாங்கம் கம்பெனிகள் பக்கம் நின்றது, விமானப் படை விமானங்களில் பயணிகளை ஏற்றியது. வழக்கு வரும் என்றதும் பைலட்டுகள் கூண்டோடு ராஜினாமா செய்தார்கள். தோற்றுத்தான் போனார்கள், பல பேர் வேலை தேடி வேறு நாடுகளுக்குப் போனார்கள்.

அமெரிக்காவில் பைலட்டுகளும் ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள். விமானத் துறையை அதில் சேர்த்த வருஷம் 1936. இந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது, நாளைக்கு எழுதுகிறேன்.


டிசம்பர் 17, காலை 5.10

நாளைக்கு என்றேன், மூன்று நாளாகிவிட்டது. மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் தெருக் கோயில் ஒலிபெருக்கி 4.30க்கு ஆரம்பிக்கிறது. எனக்குச் சந்தோஷம், அந்த நேரத்தில் எப்படியும் விழித்துத்தான் இருப்பேன். மில் விட்டாலும் மூன்றாம் ஷிஃப்ட் உடம்பை விடவில்லை.

பையன் மறுபடி வந்திருக்கிறான். பின்னறை ஜன்னலில் சமையலறை அலுமினியத் தாளை மடித்து ஒட்டி, அதற்கு மேல் பழைய போர்வை, அதற்கு மேல் அவன் அம்மாவின் கறுப்புச் சேலை. உள்ளே போனால் பகல் 11 மணிக்குக் கை தெரியாது. வெளிச்சத்தை அடைத்தாயிற்று, சத்தத்துக்கு என்ன செய்வது? காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ‘மாமா, கோயில்ல சொல்லிக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா’ என்றான். மார்கழியில் போய் இதைக் கேட்டால் லாஸ்பேட்டையில் எனக்குக் குடியிருப்பு இருக்காது. பேசாமல் வந்துவிட்டேன்.


டிசம்பர் 17, மதியம் 3.30

1936.

கடலூர் சாலையில் முதலியார்பேட்டை தாண்டும்போது பெரிய சுவர் ஒன்று வரும், ஏஎஃப்டி மில். இன்றைக்கு உள்ளே தறி இல்லை, பக்கத்துத் திடல் கூட்டத்துக்கும் பொருட்காட்சிக்கும் பயன்படுகிறது. அது ரோடியர் மில்லாக இருந்த காலத்தில், 1936 ஜூலை 30 அன்று, மில் தொழிலாளிகள் மேல் பிரெஞ்சு போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம். அந்த ரத்தத்தில்தான் நமக்கு 8 மணி நேர வேலை வந்தது. அதற்கு முன் பொழுது விடிந்து போனால் பொழுது சாய்ந்து வரவேண்டும், கணக்கு வழக்கே கிடையாது.

ஆசியாவிலேயே முதல் என்று ஒவ்வொரு ஜூலை 30ம் தேதியும் மேடையில் சொல்வார்கள். நான் சின்ன வயசிலிருந்து கேட்கிறேன்.

அதே வருஷம்தான் அமெரிக்கா தன் பைலட்டுகளை ரயில்வே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. சும்மா சொன்னேன்.

நம் ஊர்க்காரன் எவனாவது ‘ஓய்வு கேட்கிறானாம் பார்’ என்று சிரிக்கும்போது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பன்னிரண்டு பேரைப் பார்த்தும் ‘வேலை கொடுத்திருக்கான், கூலி கொடுக்கிறான், நேரம் வேற கேட்கிறானாம்’ என்று சொன்னவர்கள் இதே ஊரில் இருந்திருப்பார்கள்.


டிசம்பர் 17, இரவு 9

திருத்தம். துப்பாக்கிச் சூடு 1936, எட்டு மணி நேர உத்தரவு வந்தது 1937ல். தேதி போடாமல் எழுதியதால் ஒரே வருஷம் மாதிரித் தெரிகிறது. சுட்டிக்காட்டிய ஆசிரியருக்கு நன்றி, எனக்கு மார்க் குறைக்க வேண்டாம்.


டிசம்பர் 19, மாலை 6.40

‘ஸ்ட்ரைக் உரிமை என்கிறீர்களே, 2003 ஞாபகம் இருக்கிறதா?’ என்று கடலூர்க்காரர் ஒருவர். மறக்குமா? என் மனைவியின் தம்பி அப்போது கடலூரில் அரசு ஊழியர். ஸ்ட்ரைக் செய்ததற்காகத் தமிழ்நாடு அரசு ஒரே வீச்சில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை வேலைநீக்கம் செய்தது, அதில் இவனும் ஒருவன். ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் செய்யும் உரிமை அடிப்படையாகவும் இல்லை, சட்டப்படியும் இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்றது. மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அதனால் பைலட்டுகள் இறங்க வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்வது எனக்கு லேசு. இரண்டு நாளாக யோசித்தேன். சம்பளத்துக்காக இறங்கினால் நான் பழையபடி டீக்கடைப் பக்கம் போய்விடுவேன் என்று தோன்றுகிறது. தூக்கத்துக்காக இறங்கினால் கூடவே நிற்பேன். இரண்டையும் எப்படிப் பிரிப்பது, கேட்கிற வாய் ஒன்றுதானே என்றால், அதுவும் சரிதான். மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் தூக்கத்தை விற்கிறவனும் பைலட்டுகளிலேயே இருக்கிறான். நானும் வெள்ளையடித்தேன்.

ஆனால் ஒன்றை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. டிசம்பர் 5 அன்று டிஜிசிஏ என்ன செய்தது? இண்டிகோவுக்கு இரவு டூட்டி ரூலில் பிப்ரவரி 10 வரை விலக்கு. லீவு போட்டால் அதையே வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்றிருந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். ஆள் எடுக்காதவனுக்குச் சலுகை. அப்போது மாட்டிக்கொண்ட ஜனங்களை வீட்டுக்கு அனுப்ப வேறு வழி இல்லை என்பார்கள், இருக்கலாம். பைலட்டுகள் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து உட்கார்ந்திருந்தால் நாடே கொதித்திருக்கும். கம்பெனி ஒரு நாள் நோட்டீஸும் கொடுக்காமல் ஆயிரம் விமானத்தை நிறுத்தியது, அதற்கு என்ன பெயர்?


டிசம்பர் 21, இரவு 10.10

மங்களூரை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத மனம் வரவில்லை, அதனால்தான்.

2010 மே 22. துபாயிலிருந்து விடியற்காலை வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். மேட்டு நில ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போய்விட்டார்கள். விசாரணை அறிக்கையில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார் என்று இருக்கிறது. குறட்டைச் சத்தம் காக்பிட் ரெக்கார்டரில் பதிவாகியிருந்தது. விழித்ததும் தெளிவு வராத நிலையில் இறக்க முயன்றார், மறுபடி மேலே ஏற்றிவிடலாம் என்று கோ-பைலட் மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை.

அவர் தப்பு பெரிய தப்புதான். ஆனால் அந்த அறிக்கை தூக்கம் என்ற வார்த்தையை எழுதியது. மணிக்கணக்கு எழுதியது. எங்கள் மேஸ்திரி பதிவேட்டில் இருந்த வார்த்தையோடு நிறுத்தவில்லை.


டிசம்பர் 22, காலை 8

ஒருவர் கேட்கிறார்: ‘களைப்பாக இருந்தால் பறக்கமாட்டேன் என்று பைலட்டே சொல்லலாமே, ரூலில் இருக்கிறதே?’ இருக்கிறது. களைத்திருந்தால் பறக்கக் கூடாது என்பதே ரூல். பையனிடம் கேட்டேன். அதற்குத் தனி ரிப்போர்ட் உண்டாம். ஆனால் அதைப் போட்டால் ஆயிரம் கேள்வி: ஓய்வு கொடுத்தோமே, அந்த நேரத்தில் என்ன செய்தாய், ஏன் தூங்கவில்லை. ‘சிக்னு சொன்னா ஒரு டாக்டர் சீட்டோட முடிஞ்சுது மாமா.’

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு மேலே ஏடிஆர் என்கிற சின்ன விமானம் தாழப் போனது. போன வருஷம் டிசம்பர் 20ல் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பகுதிக்கு இதுதான் மணிக்கூண்டு. நம் ரன்வே 1,500 மீட்டர்தான், பெரிய விமானம் இறங்காது. பேரப்பிள்ளைகள் இப்போதும் மாடிக்கு ஓடிப்போய்க் கை காட்டுகிறார்கள். அடுத்த வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது, பழகிப்போச்சு.


டிசம்பர் 23, இரவு 11.15

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பையனுக்கு நாளை காலை 11 மணி ரிப்போர்ட் என்று ரோஸ்டரில் இருந்தது. விடியற்காலை கார் பிடித்து ஈசிஆர் வழியே சென்னை போவதாகத் திட்டம். சாயங்காலம் 6 மணிக்குப் போனில் டிங் என்றது. மாற்றிவிட்டார்கள், 4.50 ரிப்போர்ட். அப்படியென்றால் நள்ளிரவுக்குள் கிளம்ப வேண்டும். நேற்று ராத்திரியும் கோயில் சத்தத்தில் அவன் சரியாகத் தூங்கவில்லை, பகலில் தங்கையோடு பாங்குக்குப் போய் வந்தான், கடன் விஷயமாக.

திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். ‘களைப்புன்னே போட்டுடவா மாமா?’ என்றான். போடு என்றேன். ஃபாரத்தைத் திறந்தான். கடைசி 48 மணி நேரத்தில் எவ்வளவு தூங்கினாய் என்று ஒரு கட்டம். விரல் விட்டு எண்ணினான், ஒன்பதோ பத்தோ. ஓய்வு கொடுக்கப்பட்டும் ஏன் தூங்கவில்லை என்று அடுத்த கட்டம். அங்கே நின்றுவிட்டான். மார்கழி என்று எழுதுவதா, பாங்கு என்று எழுதுவதா? நான் என் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்து நிமிஷம் கழித்து ஃபாரத்தை மூடினான். போன் போட்டான். ‘சார், வயிறு சரியில்லை. லூஸ் மோஷன். ஆமா சார், மதியத்துலேர்ந்து.’

சமையலறையிலிருந்து தங்கைக்கு அது கேட்டுவிட்டது. ‘மதியத்துலேர்ந்தா? எங்கிட்ட சொல்லவே இல்லையேடா?’ என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். ஓமத் தண்ணீர் கொதிக்கிற வாசனை திண்ணை வரை வந்தது. பெரிய டம்ளர் நிறைய ஆற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை நகராமல் அங்கேயே நின்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். முழுசையும் குடித்தான்.